பேச ஆள் தேடியவர்

ஒருவருக்கு நெருக்கமானவர் என்று யாரைச் சொல்வது? கூடவே இருந்தவரையா, அவரைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பவரையா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு நம்மில் பலர் காலத்தை ஓட்டிவிடுகிறோம். டோர்காஸ் பெல்லிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் அவருடைய உத்தியோகம்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், ஒரு குடாவின் கரையில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் அறநெறி ஆலோசகராக இருந்தார். நான் அதே தாழ்வாரத்தில் சமூகப் பணியாளன்; என்னை ஹெட் என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்கு நினைவு தப்பிவிட்டது, டாக்டர் ஒன்று சொல்கிறார், மகள் வேறொன்று சொல்கிறாள், மகன் நாட்டின் மறுகோடியான ஆல்பர்ட்டாவிலிருந்து தொலைபேசியில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறான் என்றால் டோர்காஸைக் கூப்பிடுவார்கள். “இந்த ஊசியை இனிமே என் கையால போட மாட்டேன்” என்று ஒரு நர்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று கண்டுபிடிப்பார். அந்த ஆள் தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் தீர்மானிக்கிறாரா என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

அவருடைய அறை முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த இடம். வட்ட மேஜை, தேநீர்க் கெண்டி, டின் பால். கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியை மேஜைமேல் வைக்காமல் அலமாரியில் வைத்திருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“மேஜையில வெச்சா, வந்தவங்க அழுதாகணும்னு சொல்ற மாதிரி இருக்கும் ஹெட். அழறவங்க தானா கேப்பாங்க.”

அவருடைய முறை எளிமையானது. வட்ட மேஜையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்து முதலில் ஒரு கேள்வி கேட்பார்: “உங்களுக்கு என்ன வேணும்?” ஒவ்வொருவரும் சொல்வார்கள். யாரையும் இடைமறிக்க விடமாட்டார். பிறகு இரண்டாவது கேள்வி: “உங்களுக்கு என்ன தெரியும்?” படுக்கையில் கிடப்பவரைப் பற்றி, அவர் எப்படி வாழ்ந்தார், எதற்குச் சிரித்தார், எதை வெறுத்தார், எதைச் சொல்லியிருக்கிறார் என்பதைப் பற்றி. முதல் கேள்விக்கு மடைதிறந்தாற்போல் பேசியவர்கள் இரண்டாவதில் தடுமாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஐம்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்களும் தடுமாறியிருக்கிறார்கள்.

தன் கருத்தை அவர் சொல்லவே மாட்டார். “உங்க அம்மாவா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று கெஞ்சுகிறவர்களிடம், “இது என் அம்மா இல்லையே” என்பார். குரலில் கடுமை இருக்காது, ஆனால் உள்ளே நுழைய வழியும் இருக்காது. எந்தச் சண்டையிலும் யார் பக்கமும் சேராத நாடு என்பதால் நர்ஸ்கள் அவருக்கு வைத்த பெயர் சுவிட்சர்லாந்து. “சுவிட்சர்லாந்து வந்தாச்சு, எல்லாரும் துப்பாக்கியைக் கீழ போடுங்க” என்று வார்டில் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அவரை அன்பானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அன்பில்லாதவர் என்றும் சொல்ல முடியாது. ஹாலிஃபாக்ஸில் தத்துவம் படித்தவர். படிப்பு அவருக்கு ஒரு நல்ல பழக்கத்தையும் ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்திருந்தது. நல்லது, அவசரப்படாமை. கெட்டது, தன்னை எப்போதும் மேஜைக்கு வெளியே வைத்துக்கொள்வது. அதை அவர் நேர்மை என்று நினைத்தார். சில சமயம் எனக்கு அது ஒளிந்துகொள்வதாகத் தோன்றியிருக்கிறது. இரண்டில் எது என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சின்ன ஊரில் இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் அந்த வட்ட மேஜையில் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு டோர்காஸின் முகம் என்றால் அப்பாவின் கடைசி வாரம், குழந்தையின் குழாய்கள், தான் சொல்லிவிட்டு வந்த ஒரு வார்த்தை. யாரும் அவர்மேல் கோபப்படவில்லை. ஆனால் கடையில் அவர் காய்கறிப் பக்கம் வந்தால் வண்டியை மெதுவாக உறைந்த மீன் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவருக்கும் அது தெரியும். கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து வியாழக்கிழமை காலையில் போய் வருவார். சீட்டாட்டக் கச்சேரிகளுக்கு அவரை யாரும் அழைத்ததில்லை. தேவாலயத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் இடம் நிறைய இருக்கும். தங்கை வீரா ஆல்பர்ட்டாவில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், ஒன்று போகும்.

ஓபி ராக்வுட்டின் விவகாரம் வந்தது ஒரு மே மாதம், குடாவில் பனிக்கட்டி இன்னும் கரையொதுங்கிக் கிடந்த நேரம்.

ஓபி, படகில்தான் போகமுடிகிற லுஷ்மன் துறை என்ற கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த மீனவர். மணமாகாதவர், தனியாக வாழ்ந்தவர். அடுப்பில் புகை வரவில்லையே என்று பக்கத்து வீட்டு மில்லி ஹைன்ஸ் போய்ப் பார்த்தபோது சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறார். பெரிய பக்கவாதம். பேச்சு போய்விட்டது. பேசுவது அவருக்குப் புரிகிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. அதோடு இடது காலில் ரத்த ஓட்டம் நின்று, பாதம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அறுவை மருத்துவர் அடெயெமி தெளிவாகச் சொன்னார்: முழங்காலுக்கு மேல் காலை எடுத்தால் ஓரிரண்டு வருஷம் இருப்பார், ஆனால் எப்போதும் பராமரிப்பு இல்லத்தில்தான். எடுக்காவிட்டால் சில வாரங்கள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். யாராவது ஒருவர் முடிவு சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்ல வேண்டும்.

ஓபிக்கு இருந்த ஒரே உறவு தம்பி லெம். எங்கள் ஊரிலேயே, ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் இருந்தார். அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேசுவதில்லை. அரசாங்கம் தரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஊரையே காலிசெய்து எல்லோரும் வேறிடம் போவதா என்று துறையில் வாக்கெடுப்பு நடந்தபோது பிறந்த பகை அது. லெம்மின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டிய நிலைமை. எல்லோரும் போகலாம் என்று லெம் வாக்களித்தார். இருக்கலாம் என்று ஓபி வாக்களித்தார். ஊர் அங்கேயே இருந்தது. லெம் தன் வீட்டைப் பூட்டிவிட்டு மனைவியோடு தனியாக இங்கே வந்தார். அவள் இங்கேயே இறந்தாள். அடக்கத்துக்கு ஓபி வரவில்லை.

எங்கள் விதிப்படி, நோயாளிக்காகப் பேசும் உறவினர் கடந்த ஓராண்டுக்குள் அவரை நேரில் சந்தித்துப் பழகியிருக்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு பெயருக்கு உறவாக இருப்பவர் உயிர் விஷயத்தில் பேசக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அப்படி யாரும் இல்லையென்றால் முடிவு டாக்டருடையது.

“கடைசியா அண்ணனை எப்பப் பார்த்தீங்க லெம்?” டோர்காஸ் வட்ட மேஜையில் கேட்டார்.

லெம் தொப்பியை மடிமேல் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, கூச்சமான முகம். “கிறிஸ்துமஸுக்கு. அவன் வீட்டுக்குப் போனேன்.”

“பேசினீங்களா?”

“பேசினேன். ஆனா...” தொப்பி இன்னொரு சுற்றுச் சுற்றியது. “மம்மர் வேஷத்துல போனேன்.”

டாக்டர் அடெயெமி நிமிர்ந்து பார்த்தார். அவர் நைஜீரியாவின் இபாதானிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. “எந்த வேஷம்?”

நான்தான் விளக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் நாட்களில் ஆட்கள் முகத்தில் திரை போட்டு, ஆண் பெண் உடையும் பெண் ஆண் உடையும் மாட்டிக்கொண்டு, வயிற்றில் தலையணை கட்டி, வீடு வீடாகப் போவார்கள். குரல் தெரியாமல் இருக்க மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசுவார்கள். வீட்டுக்காரர் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் திரையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து கேக்கும் ரம்மும் சாப்பிடலாம்.

“முகத்தை மூடிக்கிட்டு நாலு பேர் வீட்டுக்குள்ள வந்தா போலீஸைக் கூப்பிட மாட்டீங்களா?”

“போலீஸ்காரரும் அதுல ஒருத்தரா இருப்பார் டாக்டர்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “மிஸ்டர் ராக்வுட், உங்க அண்ணன் உங்க பேரைச் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்ப அவரைப் பொறுத்தவரை நீங்க வரவே இல்ல.”

 லெம்மின் கழுத்து சிவந்தது.

டோர்காஸ் தொலைபேசியை மேஜை நடுவுக்கு இழுத்து மில்லி ஹைன்ஸுக்குப் போட்டார். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் ஓபியின் சமையலறையில் மில்லியும் இருந்திருக்கிறாள்.

“மில்லி, இங்க நாலு பேர் கேட்டுக்கிட்டிருக்கோம்.”

“நாலு பேரா? இரு கண்ணு, தலையைச் சீவிட்டு வந்துடறேன்.” பக்கத்தில் ஏதோ அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. “ஓபி எப்படி இருக்கான்?”

“அப்படியேதான். மில்லி, கிறிஸ்துமஸுக்கு வந்த மம்மர்ங்களைப் பத்திக் கேக்கணும். அதுல லெம் இருந்தார்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? ஊருக்கே தெரியும். செத்துப்போன அவங்கம்மா கவுனைப் போட்டுக்கிட்டு, ஜன்னல் திரையை மூஞ்சியில தொங்கவிட்டுக்கிட்டு, பூட்ஸைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு. ஆனா அந்த வாத்து நடையை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? லெம், அங்க இருக்கியா? கவுன் உனக்கு எடுப்பா இருந்துச்சுடா. இடுப்புல மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடணும்.”

“வாயை மூடு மில்லி,” என்றார் லெம். அன்று அவர் முகத்தில் சிரிப்பு போல ஏதோ வந்தது அப்போதுதான்.

“ஓபிக்குத் தெரிஞ்சுதா?” டோர்காஸ் கேட்டார்.

 மில்லியின் குரல் மாறியது.

“சொல்றேன், கேளு. வந்தவங்க எல்லார் பேரையும் ஓபி ஒண்ணு விடாம சொன்னான். ஒவ்வொருத்தனா திரையைத் தூக்கிட்டு உட்கார்ந்தாங்க. கடைசியா லெம் மட்டும் கதவுகிட்ட நிக்கிறான். ஓபி மேலயும் கீழயும் பார்த்தான். ‘இவன் யாருன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சவன் எவனும் இவ்வளவு கேவலமா ஆட மாட்டான்’னான். எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் ஒரு கிளாஸ் ரம் ஊத்தி மேஜை ஓரத்துல வெச்சான். பேர் சொல்லலன்னா திரையைத் தூக்கக் கூடாது, குடிக்கவும் கூடாது, அதானே முறை. ஓபி என்ன பண்ணான்னா, முதுகைத் திருப்பிக்கிட்டு அடுப்பைக் கிளற ஆரம்பிச்சுட்டான். அடுப்புல விறகு நிறைஞ்சிருந்துச்சு கண்ணு. நான்தான் அப்ப போட்டிருந்தேன். கிளாஸ் காலியாகற வரைக்கும் அவன் திரும்பல.”

“நான் குடிச்சேன்,” என்றார் லெம். “திரையைத் தூக்கித்தான் குடிச்சேன். எல்லாரும் பார்த்தாங்க. அவன் மட்டும் பார்க்கல.”

டோர்காஸ் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

டாக்டர் அடெயெமி விரல்களைக் கோத்துக்கொண்டார். மோசமான மனிதரல்ல. முடிவு தன் தலையில் விழுவதை அவர் விரும்பவே இல்லை. “எனக்கு இந்த நோயாளி பேரே இப்பதான் சரியா சொல்ல வருது,” என்று முன்தினம் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய நியாயத்தை அவர் சொல்லத்தான் வேண்டும். “அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பேர் சொல்லல. மத்தவங்க எல்லாரையும் ஏத்துக்கிட்டு இவரை மட்டும் ஏத்துக்கல. முதுகைக் காட்டியிருக்கார். இவர் எனக்காகப் பேச வேண்டாம்னு ஒரு மனுஷன் இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்ல முடியும்?”

லெம் தலைகுனிந்துகொண்டார். அந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே தனக்குள் பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது.

டோர்காஸ் தேநீரை ஊற்றினார். அவர் யோசிக்கும்போது செய்யும் வேலை அது. நான் நினைத்தேன்: முதுகைக் காட்டுவது ஒரு மனிதன் இன்னொருவனுக்குக் கொடுக்கக்கூடிய இடமாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்க்க மறுப்பதாகவும் இருக்கலாம். ஒரே அசைவில் இரண்டும் இருக்கலாம், ஓபிக்கே எது என்று தெரியாமல். அவர் இப்போது நினைவோடு எழுந்து உட்கார்ந்து சொன்னால்கூட முழு உண்மையாக இருக்கும் என்று நிச்சயமில்லை.

“டாக்டர் சொல்றது சரியா இருக்கலாம்,” என்றார் டோர்காஸ். “சமாதானம் ஆச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா விதி அதைக் கேக்கல. சந்திச்சாங்களான்னுதான் கேக்குது. ஒருத்தன் வந்தான், இன்னொருத்தன் வந்தவன் யாருன்னு தெரிஞ்சு ரம் ஊத்தி வெச்சான். அது சந்திப்புதான். லெம் பேசலாம்.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார். எதிர்த்தவர் அவர்தான். ஆனால் நிம்மதியும் அவர் முகத்தில்தான் தெரிந்தது.

டோர்காஸ் முதல் கேள்வியைக் கேட்டார். “உங்களுக்கு என்ன வேணும் லெம்?”

லெம்முக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “காலை எடுங்க. எடுத்துட்டு எதிர்த்தெரு இல்லத்துல வைங்க. ஜன்னல் பக்கம் படுக்கை. நான் தினம் போவேன். வானிலை படிச்சுக் காட்டுவேன். டிவியில ஹாக்கி போட்டுவிடுவேன். அவனால திருப்பிப் பேச முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான். எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வந்தப்பதானே வம்பு வந்துச்சு. வருஷமெல்லாம் போச்சு. ஒரு வருஷமாவது பக்கத்துல வெச்சுக்கறேன். அது தப்பா?”

“தப்பில்ல,” என்றார் டோர்காஸ். பிறகு, சற்றுப் பொறுத்து, “உங்களுக்கு என்ன தெரியும்?”

“எதைப் பத்தி?”

“ஓபியைப் பத்தி. அவருக்கு வாய் இருந்தா என்ன சொல்வார்னு.”

“நான்தான் சொன்னேனே.”

“உங்களுக்கு வேண்டியதைச் சொன்னீங்க.”

 லெம் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் ஏதாவது உதவி செய்வேன் என்பதுபோல. செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. டோர்காஸ் காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை, அது ஒரு கொடூரமான திறமை.

கடைசியில் லெம் பேசினார். மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“என் பொண்டாட்டி இங்க கிடந்தப்ப ஒருதரம் ஆளனுப்பினேன், வந்து பாருன்னு. வரல. வர மாட்டான். அந்தத் துறையை விட்டு அவன் எதுக்காகவும் வர மாட்டான். எங்கம்மா கடைசியில இல்லத்துல இருந்தாங்க. அவன் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தான். வெளிய வந்து என்கிட்ட சொன்னான், ‘லெம், என்னை இப்படி நாற்காலியில கட்டி வெச்சா, எவன் கட்டினானோ அவனை மன்னிக்கவே மாட்டேன்’னு. அப்ப நாங்க பேசிக்கிட்டிருந்த காலம்.” நிறுத்தினார். “காலை எடுக்க வேண்டாம். வலி இல்லாம பார்த்துக்கோங்க. முடிஞ்சதும் படகுல வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

டாக்டர் அடெயெமி எழுந்து லெம்மின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.  

லெம் தொப்பியை மாட்டிக்கொண்டார். கதவருகே நின்று திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“இதைச் சொல்ல வைக்கத்தான் எனக்குப் பேசுற உரிமையை வாங்கிக் கொடுத்தியா கண்ணு?”

டோர்காஸ் கெண்டியை மூடினார்.

“நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? அதையாவது சொல்லு.”

“நான் அவரோட கூடப்பிறந்தவ இல்ல லெம்.”

“ஆமா,” என்றார் லெம். “நீ யாருக்கும் எதுவும் இல்லபோல.”

போய்விட்டார். டோர்காஸ் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தார். லெம் தேநீரைத் தொட்டிருக்கவில்லை. அதையும் கொட்டிக் கழுவினார். நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

“விடு ஹெட், நான் பார்த்துக்கறேன்.”

“கோபத்துல சொல்லிட்டார். மனசுல வெச்சுக்காத.”

“கோபமா? அவர் குரலைக் கேட்டியா நீ?” என்றார். “எனக்கு அது கோபமாப் படல.”

ஓபி சில நாட்களில் இறந்துபோனார். அத்தனை நாளும் லெம் படுக்கையருகே உட்கார்ந்திருந்தார் என்று வார்டு நர்ஸ் மார்ஜ் சொன்னாள். வானிலை படித்துக் காட்டினாராம். பனிக்கட்டி விலகியதும் சவப்பெட்டியைப் படகில் லுஷ்மன் துறைக்குக் கொண்டுபோனார். டோர்காஸ் அடக்கத்துக்குப் போகவில்லை. எந்த நோயாளியின் அடக்கத்துக்கும் அவர் போனதில்லை, அது அவருடைய விதிகளில் ஒன்று. அடுத்த வாரம் வேறொரு குடும்பம் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. அவர் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார். ஆனால் இரண்டாவது கேள்விக்கு முன்னால் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்டதாக எனக்குப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் வேலை பார்த்தார். ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் தேவாலய நிலவறைகளிலும் தீயணைப்பு நிலையத்திலும் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். எப்போதும் ஒரே பேச்சு. “உங்களுக்காகப் பேச ஒருத்தர் பேரைச் சொல்லி வைங்க. சொன்னா மட்டும் போதாது, அவங்ககிட்ட பேசுங்க. உங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியணும். உங்களை ரொம்பப் பிரியமா நினைக்கிறவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல.” கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு சான்ட்விச் மேஜைக்குப் போவார்கள். அங்கே அவரோடு நின்று சாப்பிடுகிறவர்கள் குறைவு. நான் நிற்பேன். மழை, சாலை, மான் இடித்து உடைந்த கார் இவற்றைப் பற்றிப் பேசுவோம். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் நட்பு இருந்தது என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற சில காலத்திலேயே அவருக்குக் கை நடுக்கம் வந்தது. பிறகு சொற்கள் நழுவத் தொடங்கின. கெண்டி என்று சொல்லவேண்டிய இடத்தில் கையால் காட்டுவார். சாவி எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பார், சாவி கையில் இருக்கும். தலைநகர் செயின்ட் ஜான்ஸில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். டாக்டர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள், போகப் போக எப்படி இருக்கும் என்றும் சொன்னார்கள். அதில் அவருக்குப் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. அதே நோயோடு வந்தவர்களின் குடும்பங்களை அவர் எத்தனை முறை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போவேன். மலைச்சாலை ஓரத்தில் சின்ன வீடு. அடுப்படியில் இரண்டு நாற்காலி, ஒன்றில் எப்போதும் புத்தகங்கள் இருக்கும். நான் வந்தால் அவற்றைத் தரையில் இறக்கி வைப்பார்.

அக்டோபரில் ஒரு பிற்பகல் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். அவர் எடுக்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன், எடுக்கவில்லை.

“டோர்காஸ், ஊருக்கெல்லாம் சொன்னியே. உனக்கு யார் பேசப் போறா?”

“ஏன், வீரா இருக்கா.”

“வீராவைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு?”

“வருஷம் தாண்டிடுச்சு. விதிப்படி ஆகாது.” சிரித்தார். சிரிப்பு அவருக்கு இப்போது ஒரு பக்கமாகத்தான் வந்தது.

“என் பேரைப் போடு,” என்றேன். ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியம். “நான் பக்கத்துலதான் இருக்கேன். உன்னை எனக்குத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். வட்ட மேஜையில் பார்க்கும் அதே பார்வை, முகம் மட்டும் மெலிந்திருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது, இதில் எனக்கு வேண்டியது என்ன என்று அவர் கேட்கப்போகிறார், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, இரண்டாவது கேள்விக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தயவைக் காட்டினார்.

“ஏற்கெனவே ஒருத்தரைக் கேட்டுட்டேன் ஹெட். ஆகஸ்ட்ல போய்க் கேட்டேன். சரின்னுட்டார். வக்கீல்கிட்டயும் சொல்லியாச்சு.”

“யாரு?”

“லெம் ராக்வுட்.”

 லெம்முக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. ஓபி இறந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அவரும் டோர்காஸும் ஒருவரோடொருவர் பேசி நான் பார்த்ததில்லை. கடையில் அவரைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களில் லெம்மும் ஒருவர்.

“அவருக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்?” என்றேன்.

டோர்காஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே குடாவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

“சாலை மறையறதுக்கு முன்னாடி கிளம்பு,” என்றார். “உன் கார் விளக்குல ஒண்ணு எரியல, பார்த்தேன்.”

பிறகொரு நாள் தபால் நிலையத்தில் லெம்மைப் பார்த்துக் கேட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “வந்தா, உட்கார்ந்தா, கேட்டா. சரின்னேன் மகனே. வேற என்ன சொல்ல?” என்றார். அதற்கு மேல் அவரிடமும் ஒன்றும் வரவில்லை.

டோர்காஸுக்கு அதற்குப் பிறகும் ஒரு குளிர்காலம் முழுவதும் பேச்சு இருந்தது. ஞாயிறுதோறும் போனேன், புத்தகங்களை இறக்கி வைத்தார், தேநீர் குடித்தோம், சாலையைப் பற்றிப் பேசினோம். ஏன் லெம் என்று அவர் சொல்லவில்லை. நான் இரண்டாவது முறை கேட்கவில்லை; மேஜையைப் பார்த்துக்கொண்டே ‘காலை எடுக்க வேண்டாம்’ என்று லெம் சொன்னது மட்டும் நினைவுக்கு வரும்.